எமில் திறக்காத என்ஜின்

கம்பியின் மேல் கட்டிங் பிளேயரை வைத்துவிட்டேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"செத்த பொறுங்க தம்பி" என்றார் உமையாள் ஆச்சி. "அந்த ஈயக்கட்டிய மொதல்ல எல்லாரும் ஒருக்காப் பாத்துக்கிருவோம். பெறகு மாத்திப்புட்டாகன்னு பேச்சு வரக்கூடாது."

நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டு. தரையில் சாக்கு விரித்து அதன்மேல் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தோம். சுற்றி ஆச்சியையும் சேர்த்து அந்த வீட்டின் பங்காளிகள் நான்கு பேர், ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் அம்மாள், நடுவில் நான். மற்ற ஐந்து பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிலிண்டரின் போல்ட்டுகளுக்குள் நுழைந்து ஓடிய ஒரு செம்புக் கம்பி. அதன் இரண்டு முனைகளையும் புளியங்கொட்டை அளவு ஈயம் ஒன்று கடித்துப் பிடித்திருந்தது. ஈயத்தில் ஒரு சக்கரமும் இரண்டு எழுத்துகளும் அச்சாகி இருந்தன. கம்பியை அறுக்காமல் சிலிண்டரைக் கழற்ற வழியில்லை. அதற்காகத்தான் அந்த முத்திரையே.

வரிசையாகக் குனிந்து பார்த்தார்கள். சோமு, சென்னையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற பங்காளி, போனில் படமும் எடுத்துக்கொண்டார். நானும் லென்ஸை வைத்து இன்னொரு முறை பார்த்தேன். கம்பியில் பச்சைக் களிம்பு. கம்பிக்கு அடியில் எண்ணெயும் தூசியும் இறுகி ஒரே பாளமாகக் கிடந்தது. யாராவது எப்போதாவது அசைத்திருந்தால் அந்தப் பாளம் விண்டிருக்கும். விள்ளவில்லை.

முத்திரை போட்ட நாளுக்குப் பிறகு யாரும் அந்த என்ஜினைத் திறக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வாழ்க்கையில் நான் இப்படி எழுதும் சந்தர்ப்பம் அபூர்வம்.

எனக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது

போன வாரம் கிணற்று மோட்டார் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களுக்கு யார் மேல்தான் சார் நம்பிக்கை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. காரைக்குடியில் நாற்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு நம்பிக்கை மிஞ்சாது. "கம்பெனி பார்ட்ஸ்ணே" என்று கொண்டுவந்து தருவார்கள். தேய்த்துப் பார்த்தால் உள்ளே வேறு ஊர் இரும்பு.

எங்கள் அப்பா கதவு, நிலை செய்கிற ஆசாரி. மரம் வாங்கப் போனால் தட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், கடைசியில் விற்பவன் முகத்தையும் பார்ப்பார். எனக்கு மரத்தை விட்டு இரும்பின் மேல் ஆசை வந்தது. முகத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவரிடமிருந்து அப்படியே வந்துவிட்டது.

ஹான்னா என்கிற அந்த ஜெர்மன் அம்மாள் சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை ஆட்டோவில் பட்டறை வாசலில் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவராம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பழுப்பேறிய கடிதம் ஒன்று, போட்டோ ஒன்று.

"பழைய வண்டி தெரிஞ்ச ஆளுன்னு கேட்டாங்கண்ணே. அதான் இங்குட்டுக் கூட்டியாந்தேன்" என்றார் ஆட்டோக்காரர்.

மஸ்கட்டில் எட்டு வருடம் வேலை பார்த்ததால் எனக்குப் பட்டறை இங்கிலீஷ் வரும். அவர் சொன்னது இதுதான். அவருடைய தாத்தா எமில், ஜெர்மனியில் மோட்டார் சைக்கிள் பந்தயம் தொடங்கிய காலத்து ஓட்டக்காரர். கடைசியில் மலாயாவுக்கு வந்து ஒரு செட்டியாரின் ரப்பர் தோட்டத்தில் மெக்கானிக்காக இருந்து, காய்ச்சலில் இறந்துபோனார். பந்தய வண்டியைத் தன் முதலாளி சொந்த ஊருக்குக் கொண்டுபோவதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். ஊர்ப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுத் தடுமாறி எழுதியிருந்தார். நேமத்தான்பட்டி.

"அப்படி ஒரு வண்டியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை" என்றேன்.

பொய். அந்த வீட்டில் ஓர் அறைக்கு நிலை மாற்றப் போன அப்பா, உள்ளே ஒரு வெளிநாட்டு வண்டி நிற்பதாக நான் சின்னவனாக இருந்தபோதே சொல்லியிருக்கிறார். அதை ஏன் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டும்? போன வருடம் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தேன் என்ற ஒருவர், திரும்பும்போது இரண்டு தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். இந்த அம்மாளும் பழம்பொருள் வியாபாரியாக இருந்தால்?

சோதித்துப் பார்க்க ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டார். வியாபாரியாக இருந்தால் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி நடிக்கவும் படித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் விடாமல் வந்தார். நான்காம் நாள்தான், "விசாரித்துப் பார்க்கிறேன்" என்றேன்.

பெட்ரோலை நாக்கில் வைத்துப் பார்த்தவர்

விசாரித்ததில், அறையைத் திறக்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று தெரிந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த மூன்று வாரமும் ஹான்னா பட்டறையில் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எமிலின் கதையைச் சொன்னார். அவருடைய அம்மா எல்ஸா சொல்லக் கேட்டதாம். எல்ஸா எமிலின் ஒரே மகள். தொண்ணூறைத் தாண்டி இன்னும் இருக்கிறார்.

எமிலின் அப்பா கொல்லர். நம்ம ஆள்தான் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். நான் ஆசாரி என்று தெரிந்துகொண்டு சொல்கிறாரோ என்று அடுத்த நிமிடமே தோன்றியது.

எமில் முதலில் சைக்கிளில் ரொட்டி போட்டார். அப்புறம் சைக்கிள் பந்தயம். மோட்டார் சைக்கிள் வந்ததும் அதில் தாவிவிட்டார். அந்தக் காலத்துப் பந்தயம் மண் ரோட்டில். தோல் தொப்பி, கண்ணாடி, வாய் நிறையப் புழுதி. என்ஜினுக்கு எண்ணெய் தானாகப் போகாது. ஓட்டிக்கொண்டே ஒரு கையால் பம்ப்பை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். மறந்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும், ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் கிடப்பார். எமில் மறந்ததே இல்லை. முதல் உலக யுத்தத்தில் தபால் எடுத்துக்கொண்டு குண்டுகளுக்கு நடுவில் வண்டி ஓட்டினார். ஒரு காது போயிற்று. திரும்பி வந்து மறுபடி பந்தயம். வீட்டில் கோப்பை வைக்க அலமாரி போதாமல் சன்னல் ஓரத்திலும் அடுக்கினார்களாம்.

ஒரு தரம் யாரோ அவர் டாங்கில் சர்க்கரையைப் போட்டுவிட்டார்கள். பாதி வழியில் வண்டி நின்றது. அன்றிலிருந்து எமில் ஆளே மாறிவிட்டார். பெட்ரோல் ஊற்றும் முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். பந்தயத்தன்று அடுத்தவர் கொடுத்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் படுப்பார்.

இந்த இடத்தில் எனக்கு எமிலை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவர் வண்டியைத் தொட ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. தம்பி கார்ல். என்ஜின் வேலை முழுக்க அவர்தான். அண்ணன் ஓட்டுவார், தம்பி கட்டுவார். அதிகம் பேசாத மனிதராம் கார்ல்.

கடைசிப் பந்தயம் ஒரு மலை ஏற்றம். ஐந்நூறு சிசிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எமில் வென்றார். சும்மா வெல்லவில்லை, இரண்டாவதாக வந்தவன் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தான். அதுதான் வினை. என்ஜினைப் பெரிதாக்கியிருக்கிறான், மோசடி என்று மற்றவர்கள் கத்தினார்கள். பந்தயச் சங்கத்து அதிகாரிகள் அங்கேயே கம்பி கட்டி முத்திரை போட்டு, "நாளைக் காலையில் கொண்டுவா, திறந்து அளப்போம்" என்றார்கள்.

எமில் கொண்டுபோகவில்லை. விடியும் முன் வண்டியை ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்குப் போய்விட்டார். மனைவியும் ஏழு வயது எல்ஸாவும் ஊரில். அவர் திரும்பவே இல்லை.

ஊர் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டது. சங்கத்தின் கூடத்தில் எல்லாப் பழைய பந்தயக்காரர்களின் படமும் மாட்டியிருக்கிறது. எமிலின் படத்தைக் கழற்றிய இடத்தில் வெறும் ஆணி.

"என் அம்மா சாவதற்குள் தெரிய வேண்டும்" என்றார் ஹான்னா. "அவருடைய அப்பா மோசக்காரரா, இல்லையா? வண்டி எனக்கு வேண்டாம். அளவு மட்டும் போதும்."

வேண்டாம் என்று முதலிலேயே சொல்கிறவர்கள்மேல் எனக்குத் தனிச் சந்தேகம் உண்டு. அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் எழுத்துக்கூட்டி மொழிபெயர்த்தார். எமில் மனைவிக்கு எழுதியது.

"நான் மோசம் செய்யவில்லை. ஆனால் அன்று வண்டி ஓடிய ஓட்டம் ஐந்நூறு சிசி வண்டி ஓடும் ஓட்டம் அல்ல. அவர்கள் முத்திரை போட்டபோது நான் கார்லைப் பார்த்தேன். அவன் சிரித்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் அவன்தான் செய்திருக்கிறான். திறந்தால் என் பெயர் போகும், திறக்காவிட்டாலும் போகும். அவனை வீட்டுக்குள் விடாதே."

"விட்டார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. மூன்று தெரு தள்ளித்தான் இருந்தார்."

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்றேன் நான். சொன்னதை மறைக்காமல் இங்கே எழுதிவிட வேண்டும்.

நான்கு பங்கு, நான்கு பூட்டு

இனி, மூன்று வாரம் ஏன் ஆயிற்று என்பது.

அந்த வீடு நான்கு பங்குக்கும் பொது. சாமான் அறையின் சாவி முன்பெல்லாம் முறை வைத்து வருடத்துக்கு ஒரு பங்கிடம் இருக்கும். ஒருவர் முறையில் ஏதோ காணாமல் போயிற்று என்று இன்னொருவர் சொல்ல, அவர் ஒரு பூட்டு போட, இவர் ஒரு பூட்டு போட, இப்போது கதவில் நான்கு பூட்டுகள். நான்கு பேரும் ஒன்றாக ஊருக்கு வந்தால்தான் கதவு திறக்கும். முன்னோருக்குச் சோறும் துணியும் வைத்துக் கும்பிடுகிற படைப்புக்குத்தான் அப்படி வருவார்கள்.

படைப்பு முடிந்த மறுநாள் போனோம். ஆச்சி ஹான்னாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க பாட்டையா காலத்து வண்டி. இந்தம்மா நாளைக்கு எங்க தாத்தா வண்டின்னு கேசு போட்டா என்ன செய்யிறது? எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

வண்டியில் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று ஹான்னா உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வாசிக்காமலே போடுறாக?" என்றார் ஆச்சி, என் காதோடு. எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது.

நான்கு பூட்டுகளும் திறந்தன. வண்டி நின்றது. ஆனால் டாங்க் இல்லை, மேக்னெட்டோ இல்லை, கார்புரேட்டர் இல்லை, சீட் இல்லை. கால்வாசி வண்டியைக் காணோம்.

சோமு ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி சோமுவைப் பார்த்தார். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். கதவு திறந்தே முழுசாக ஒரு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் நான் எதைத் தூக்கியிருக்க முடியும்?

"மேக்னெட்டோவோ என்னவோ, கறுப்பா கனமா ஒண்ணு, அது எங்கிட்ட இருக்கு" என்றார் ஆச்சி கடைசியில். "எங்க முறை வருசத்துல கழட்டி பீரோவுல வச்சுட்டேன். அடுத்த முறைக்காரவுக முழு வண்டியா வித்துப்புட்டா என்ன செய்யிறது?"

சோமு தொண்டையைச் செருமினார். "கார்புரேட்டர் சென்னையில இருக்கு ஆச்சி. அதே காரணந்தான்."

டாங்க் மூன்றாமவர் வீட்டுப் பரணில். சீட் நான்காமவர் கோயம்புத்தூர் வீட்டில். ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவருக்கொருவர் பயந்து, நான்கு பேரும் செய்தது ஒரே காரியம். யாரும் விற்கவும் இல்லை, யாரும் திருடவும் இல்லை. வண்டிதான் வண்டியாக இல்லாமல் போயிற்று. நான் சிரித்துவிட்டேன். சிரித்தது நான் மட்டும்தான்.

என்ஜினை யாரும் தொடவில்லை. முத்திரையைப் பார்த்து, ஏதோ சர்க்கார் சமாசாரம் என்று பயந்திருக்கிறார்கள். அந்தப் பயம் நல்லது செய்தது.

பிளக் ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி இரண்டு நாள் ஊற விட்டேன். அந்த இரண்டு நாளும் முறை போட்டு ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அளவு

எல்லாரும் முத்திரையைப் பார்த்து முடித்த பிறகு கம்பியை அறுத்தேன். ஈயத்தை ஆச்சி முந்தானையில் முடிந்துகொண்டார்.

போல்ட்டுகள் சண்டித்தனம் செய்தன. சிலிண்டர் மேலே வந்தபோது கெட்டிப்போன விளக்கெண்ணெய் வாடை அடித்தது. அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் அதைத்தான் ஊற்றுவார்கள்.

துடைத்தேன். குறுக்களவு பார்க்கும் போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், இரண்டு வாக்கில் அளந்தேன். எண்பத்து நான்கு மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் தொண்ணூறு. தாளில் கணக்குப் போட்டேன். என்னை நம்பாமல் சோமு தன் போனில் தனியாகப் போட்டார். இரண்டும் ஒன்றுதான். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது சிசி.

விதிக்கு உட்பட்ட என்ஜின்.

பின்னே எப்படி அந்த ஓட்டம் ஓடியது? டார்ச்சை அடித்துப் பார்த்தேன். காற்று உள்ளே போகிற வழி முழுக்கக் கையால் தேய்த்துத் தேய்த்து வெள்ளிப் பாத்திரம் போல ஆக்கியிருந்தது. எடையைக் குறைக்க பிஸ்டனின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் அரத்தால் மழித்து, விரலில் படாத வழவழப்பு. யார் கண்ணிலும் படாத இடத்தில் இவ்வளவு வேலை. வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். எல்லாம் விதி அனுமதிக்கிற வேலைதான். நான் நாற்பது வருடத்தில் இப்படி ஒரு கை வேலையைச் செய்ததில்லை, செய்யவும் தெரியாது.

கார்ல் ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. தன் கை வேலையைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றால் எந்தத் தொழிலாளிக்குத்தான் சிரிப்பு வராது? எமில் மட்டுமல்ல, கார்லும் மோசம் செய்யவில்லை.

ஹான்னாவுக்கு அது தோன்றவில்லை. "தாத்தா மோசம் செய்யவில்லை" என்று ஆச்சியைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆச்சி விறைத்து நின்றாலும் தள்ளிவிடவில்லை. இந்த அம்மாளையா மூன்று வாரமாகத் திருடி என்று நினைத்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். திரையில் வெள்ளை முடியோடு ஒரு முகம். அங்கே காலை நேரம், மேசையில் காபிக் கோப்பை தெரிந்தது. ஹான்னா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னார். எண்ணைச் சொன்னார். முத்திரை முழுசாக இருந்ததைச் சொன்னார்.

எல்ஸா அம்மாள் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

ஹான்னா குழப்பத்தோடு என் பக்கம் திரும்பினார். "மறுபடி அளக்கச் சொல்கிறார்."

"ஏன்? சரியாகத்தானே வந்திருக்கிறது?"

ஹான்னா கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, விட்டு விட்டுப் பேச்சு வந்தது. கேட்கக் கேட்க ஹான்னாவின் முகம் வெளுத்தது. பிறகு எனக்குச் சொன்னார்.

"ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் கார்ல் எங்கள் வாசலில் ஒரு இனிப்பு ரொட்டி வைத்துவிட்டுப் போவாராம். அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லி என் பாட்டி, என் அம்மாவை அனுப்புவாராம். அம்மாதான் கொண்டுபோவார். கார்ல் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பாராம். அவர் சாகும்வரை தையல் மிஷின் ரிப்பேர் செய்துதான் பிழைத்தார். பந்தய என்ஜினை அவரிடம் யாரும் கொடுக்கவில்லை."

ஹான்னா நிறுத்தினார். "கொஞ்சம் கூடுதலாக வந்தால்கூடப் போதும் என்கிறார்."

"என்ன சொல்றாக அந்தம்மா?" என்று ஆச்சி கேட்டார்.

சொன்னேன். ஆச்சி அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். சோமு பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார்.

"அளந்து காட்டுங்க தம்பி" என்றார் ஆச்சி. "கேக்குறாகள்ல."

ஹான்னா போனைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிடித்தார். எல்ஸா அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். கேஜை உள்ளே விட்டேன். ஓர் அளவைப் பொய்யாகச் சொல்லிவிடலாமா என்று அன்று ஒரு நிமிடம் நினைத்தேன். முள் அசைந்து, போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது. எண்பத்து நான்கு என்று விரலால் காட்டினேன்.

இன்னொரு முறை என்று கை காட்டினார். அளந்தேன்.